என் மேல போடுங்க

அரியலூரில் பஸ் தாமதமாக வந்தால்கூட அதற்காக மன்னிப்புக் கேட்கக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தார். பஸ்ஸுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்களோடு நின்று அதே பஸ்ஸுக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருப்பவர்தான். பக்கத்தில் கூடையோடு நிற்கும் அம்மா, "என்னா இன்னும் காணோம்?" என்று பொதுவாகச் சலித்துக்கொண்டால் போதும், இவர் ஓரடி முன்னால் வந்து, "கொஞ்சம் லேட்டாயிடுச்சிங்கம்மா, மன்னிச்சிக்கோங்க" என்பார். அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ ஏஞ்சாமி கேக்குற?" என்பாள். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெரம்பலூர் சாலையில் இருந்த பிளாஸ்டிக் கம்பெனியில் அவர் கெமிஸ்ட். நான் கம்பெனி வேன் டிரைவர். என்னைவிட நன்றாக மூத்தவர், படித்தவர். ஆனாலும் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கேலி செய்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, வாசலில் படுத்திருக்கும் நாயைத் தவிர எல்லோரும் அவருக்கு அண்ணன்தான்.

"என் மேல போடுங்க." இதுதான் அவருடைய பேச்சு. டீ கிளாஸ் உடைந்ததா, என் மேல போடுங்க. கரண்ட் போய்விட்டதா, என் மேல போடுங்க. அச்சிலிருந்து வந்த குடங்களின் ஓரத்துப் பிசிரை வெட்டும் பெண்கள் பேச்சு சுவாரசியத்தில் ஒரு குடத்தின் கழுத்தையே சீவிவிட்டால், மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் இவர் எங்கிருந்தோ வந்துவிடுவார். "குருணை கொஞ்சம் இளக்கமா போயிடுச்சி மேஸ்திரி, என் மேல போடுங்க" என்பார். குருணை என்றால் அரிசிக் குருணை இல்லை. மூட்டையில் வரும் பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'சுமைதாங்கி' என்று சொல்லிச் சிரிப்போம். அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார், "சாம்பார நான் தீய வுட்டாலும் அதுக்கு அவருதான் காரணமாம். வூட்ல ஒரு சண்டை போடக்கூட வழியில்ல அண்ணே. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஒத்துக்கிட்டா யாரோட போயி சண்டை போடறது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் முகம் சுண்டிப்போய்விட்டது.

அவருக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் யார் காலை யார் மிதித்தாலும் மன்னிப்பு இவருடையதாகத்தான் இருக்கும். சனிக்கிழமை தவறாமல், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். ஒருமுறை நான்தான் வேனில் இறக்கிவிட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னா சார், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"சாமியார் கோச்சுக்கிட்டாருங்கண்ணே. போன வாரம் மன்னிச்ச பாவத்தை இந்த வாரம் மறுபடி தூக்கிட்டு வராதய்யாங்குறாரு." சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், "அவருக்கு வேற கோபம் வர வச்சிட்டேன் பாருங்க" என்றார். அடுத்த சனிக்கிழமைக்கு ஒன்று சேர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவரின் தலையில்தான் அந்த வேன் சீட்டு வந்து விழுந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வீட்டுக்கு வீடு பித்தளைக் குடம் பரணில் ஏறி, பிளாஸ்டிக் குடம் அடுப்படிக்கு வந்த காலம். எங்கள் கம்பெனியும் குடத்தில்தான் தொடங்கியது. மிஷினின் தலையிலிருந்து சூடான பிளாஸ்டிக் ஒரு குழாயாக இறங்கித் தொங்கும். அச்சின் இரண்டு பாதிகளும் வந்து அதைக் கவ்வும். உள்ளே காற்றை அடித்தால் உப்பிப்போய், அச்சு எப்படியோ அப்படியே குடமாகிவிடும். அதோடு இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. முதலாளிக்குக் கார் ஆசை வந்துவிட்டது. கார் வாங்குகிற ஆசை முன்பே தீர்ந்திருந்தது, இது காருக்கும் வேனுக்கும் பெரிய பாகங்கள் செய்கிற ஆசை. கரூரில் வேன் பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், இரும்பில் செய்கிற சீட்டு முதுகைப் பிளாஸ்டிக்கில் செய்து தர முடியுமா என்று கேட்க, இவர் முடியும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

குடத்துக் குருணையில் முதல் சீட்டு முதுகைச் செய்து, முதலாளியே அதில் சாய்ந்து பார்த்தார். அது அவரை அப்படியே பின்னால் மல்லாக்கப் படுக்க வைத்தது. நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்கிவிட்டோம். "விறைப்பு பத்தலைங்க, என் மேல போடுங்க" என்றார் கெமிஸ்ட். சரி, கனமாகச் செய்யலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய குழாய், அச்சு வந்து கவ்வுவதற்குள் தன் பாரத்திலேயே இழுபட்டுக் கீழே வழிந்துவிடும். மேல் பக்கம் சவ்வு, கீழ்ப் பக்கம் கட்டி. ஆக, பிளாஸ்டிக்கையே விறைப்பாக்க வேண்டும், அது தொங்கும்போது வழியவும் கூடாது.

எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல். சிமெண்டுக்காக லாரி லாரியாகப் போகிறதே, அதில் கொஞ்சம் நமக்கு உதவாதா என்று யோசித்தவர் அவர்தான். கல்லை மாவாக அரைத்து, வேட்டித் துணியில் சலித்து, ஈரம் போகத் தகரத்தில் காயவைத்துக் குருணையோடு கலந்தார். அதோடு விறைப்பான இன்னொரு ரகக் குருணையும் சேர்த்தார். மாவு கூடினால் நொறுங்கும், குறைந்தால் வளையும். மாதக்கணக்கில் இதே வேலை. மதியம் சாப்பிட வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். "மாவு மில்லுக்காரரே" என்று பிசிர் வெட்டும் பெண்கள் கூப்பிட்டால் அதற்கும் ஒரு மன்னிப்பு.

கடைசியில் ஒரு சித்திரை மாதத்தில் சரியான கலவை வந்தது. கம்பெனித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயிருந்து கீழே பாறையில் தள்ளிப் பார்ப்பதுதான் பரீட்சை. தள்ளிவிடுகிற வேலை எனக்கு. உச்சி வெயில், தொட்டிச் சுவரில் கை வைக்க முடியவில்லை. தள்ளினேன். சீட்டு பாறையில் மோதி, துள்ளி, உருண்டு, சும்மா கிடந்தது. கீறல்கூட இல்லை. மறுபடி தள்ளினேன், மறுபடியும் அப்படித்தான். முதலாளி மணல் மூட்டைகளை அதன்மேல் அடுக்கச் சொன்னார், வளையவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மேலே நின்று விசில் அடித்தேன். அவர் மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே, "உனக்கு நல்லது நடந்தாலும் பயமாய்யா?" என்றார். நாங்களும் சிரித்தோம்.

எங்களில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் ஒன்று இருந்தது. குளிர். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த கூட்டம் நாங்கள். மார்கழி வந்தால் தலையில் ஒரு துண்டு கூடுதல், அதோடு சரி. எந்தச் சாமானையும் வெயிலில் போட்டால் தாங்குமா என்றுதான் பார்ப்போமே தவிர, பனியில் என்ன ஆகும் என்று யோசிக்க எங்கள் உடம்புக்கே தெரியாது. அந்தக் கலவை எங்கள் வெயிலில் உருக்கு. ஊட்டிப் பனியில் அப்பளம்.

மார்கழியில் கரூரிலிருந்து டிரங்க் கால் வந்தது. ஊட்டியில் ஒரு பள்ளிக்கூட வேன். காலையில் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பும் முன், டிரைவர் கிளட்ச்சை மிதிக்கச் சாய்ந்திருக்கிறார். முதுகுப்பலகை படாரென்று இரண்டாக உடைந்திருக்கிறது. விழாமல் இருக்கப் பின்னால் ஊன்றிய வலது கை, உடைந்த விளிம்பின் மேல். உள்ளங்கையில் நரம்பு அறுந்துவிட்டது. வண்டியில் பிள்ளைகள் யாரும் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

முதலாளி அறையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவசரப்படுத்திய முதலாளி, மிஷின் ஓட்டிய மேஸ்திரி, தொட்டி மேலேயிருந்து தள்ளிய நான். "இதை யாருய்யா சோதிச்சது?" என்றார் முதலாளி. மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் மேஸ்திரியைப் பார்த்தேன். பிறகு அந்தக் குரல் வந்தது, வழக்கமான அதே அடக்கத்தோடு.

"என் மேல போடுங்க சார்."

போட்டோம். முதலாளி தலையாட்டினார். மேஸ்திரி மூச்சு விட்டார், எனக்குக் கேட்டது. நான் வெளியே வந்து பீடி பற்றவைத்தேன். டீ கிளாஸுக்கும் கரண்டுக்கும் அவர் மேல் போட்டுப் போட்டுப் பழகிய எங்களுக்கு, ஒரு மனிதனின் கையையும் அவர் மேல் போடுவது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே அவரை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் அந்த டிரைவர் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். வாட்டசாட்டமான ஆள். இவர் கட்டிலோரம் நின்று அழுதார். அந்த ஆள்தான் இவரைத் தேற்றவேண்டி வந்தது. "விடுங்க சார், நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்று சொல்லிவிட்டு, யாராவது வந்து இவரைக் கூட்டிப்போகமாட்டார்களா என்று என்னைப் பார்த்தார். கட்டு பிரித்தபோது இரண்டு விரல்கள் மடங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. மடங்காத விரலோடு மலை வளைவில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க முடியாது. அந்த டிரைவர் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்தார்.

மலைக்குப் போயிருந்த மற்ற சீட்டுகளையெல்லாம் தேடித்தேடிக் கழற்றி எடுத்துவந்தோம். ஊருக்கு வந்ததும் கெமிஸ்ட் ஐஸ் வாங்க ஆரம்பித்தார். அரியலூர் ஐஸ் கம்பெனியில் அதுவரை மீன்காரர்களுக்கும் கல்யாணக்காரர்களுக்கும்தான் கட்டி ஐஸ் போகும். இவர் உமி பரப்பி, ஐஸை உடைத்துக் கொட்டி, உப்பைத் தூவி, அதற்குள் சீட்டைப் புதைத்துவைப்பார். வெடவெடக்கும் கையோடு எடுத்துவந்து அவரே தொட்டி மேல் ஏறுவார். "குடுங்க சார், நான் தள்ளுறேன்" என்றால் தரமாட்டார். தள்ளுவார், உடையும். இறங்கி வந்து துண்டுகளைப் பொறுக்குவார். மாவைக் குறைத்தார். ரப்பர் மாதிரி இழுபடும் ஏதோ ஒரு குருணையைக் கொஞ்சம் சேர்த்தார். அடுத்த வெயில் காலத்துக்குள் ஐஸிலும் உடையாத, வெயிலிலும் வளையாத ஒரு கலவை வந்தது. அதில்தான் கம்பெனி பிழைத்தது. கார் பம்பருக்கு ஆர்டர் வந்தது, இரண்டாவது பெரிய மிஷின் வந்தது. முதலாளி மாலை போட வந்தபோது, "எல்லாரும் சேந்து செஞ்சதுங்க" என்று நழுவிவிட்டார். நல்லது எல்லோருக்கும், கெட்டது அவருக்கு. எங்களுக்கும் இந்தப் பங்கீடு வசதியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கே உட்காரப் போனாலும் முதலில் சாய்மானத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். பஸ்ஸில், சலூனில், கோயில் பெஞ்சில்கூட. பக்கத்தில் யாராவது உட்கார வந்தால் அவர்களுடையதையும் அழுத்திவிட்டுத்தான் விடுவார். சிலர் முறைப்பார்கள். அதற்கும் மன்னிப்பு.

ஒவ்வொரு மார்கழியிலும் ஊட்டிக்குப் போக வேண்டும் என்பார். முதலாளி வேனைக் கொடுத்துவிடுவார், கூட நானும் போவேன். பெரம்பலூர் சந்தையில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் தானே பொறுக்கி வாங்குவார். மலையேறி, டீக்கடையில் இறக்கிவைத்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அந்த ஆளின் கையைப் பார்ப்பார். "வலி இருக்குங்களா?" "இல்லைங்க சார்." "குளிருக்கு இழுக்குதுங்களா?" "இல்லைங்க சார்." கொஞ்ச நேரம் கழித்துக் கண் கலங்கும். அந்த ஆள் இடது கையாலேயே டீ ஆற்றிக் கொடுப்பார். வலது கை ஸ்வெட்டர் பையிலேயே இருக்கும். கடைக்கு வந்தவர்கள் இந்த அழுகையைப் பார்த்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் நிற்பார்கள்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, கெமிஸ்ட் கடைக்குப் பின்னால் கைகழுவப் போயிருந்தபோது அந்த ஆள் என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. சார இனிமே கூட்டிட்டு வராதீங்க."

"ஏங்க?"

"வருஷமெல்லாம் நான் டீ போடுறேன், கணக்குப் பாக்குறேன், பொண்ணுக்குச் சடை பின்னுறேன். கையின்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இல்லீங்க. சார் வர்ற அன்னிக்குத்தான் இது கெட்டுப்போன கையாயிடுது. அவரு போனப்புறம் ரெண்டு நாளைக்கு வலிக்குது." சொல்லிவிட்டுப் பையிலிருந்த கையை இன்னும் உள்ளே திணித்துக்கொண்டார். "நல்ல மனுஷன். நான் சொல்ல முடியாது. நீங்க சொல்லிடுங்க."

மலை இறங்கும்போது சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. டீக்கடைக்காரர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். வளைவு வளைவாக இறங்கினோம். மலையடியில் கல்லாறு பாக்குத் தோப்பு தெரிய ஆரம்பித்ததும் என் தோளைத் தொட்டார்.

"வண்டியத் திருப்புங்கண்ணே. அவர இத்தினி வருஷமா கஷ்டப்படுத்திட்டேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுறேன்."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

"கேட்டது காதுல விழுந்துச்சா இல்லையா சார் உங்களுக்கு? மன்னிப்பு கேக்க வராதீங்கன்னு சொல்றாரு, அதுக்கு மன்னிப்பு கேக்கப் போறேங்கறீங்க. என் மேல போடுங்க, என் மேல போடுங்கன்னு எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. கடைசியில அந்த ஆளு கையையும் எடுத்துக்கிட்டீங்க. அது அவரு கை சார். அவருகிட்டயே வுட்டுடுங்க."

அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வாய் அந்த மூன்று வார்த்தைக்குத் திறந்தது. சொல்லாமல் மூடிக்கொண்டார். நான் வண்டியை நேராக அரியலூருக்கு விட்டேன்.

அடுத்த மார்கழியில் வெங்காய மூட்டையோடு ஷெட்டுக்கு வந்தார். வண்டியில் ஏற்றிவைத்தார். டிரைவர் சீட்டின் முதுகை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்கண்ணே" என்றார்.

போனேன். டீக்கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேன் காலி என்று தெரிந்ததும் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கையை முழுசாகப் பார்த்தேன். இரண்டு விரலும் நீட்டிக்கொண்டு நின்றன. மற்ற மூன்று விரல்களால் கிளாஸைப் பிடித்து, இவ்வளவு உயரத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் டீ ஆற்றினார். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி வெங்காயத்தை அள்ளிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார் சவுக்கியமா இருக்காருங்களா? கேட்டேன்னு சொல்லுங்க. அப்புறம், வெங்காயம் இந்த வருஷம் ரொம்பப் பொடிசு, உரிக்கவே முடியலைன்னு சொல்லுங்க. மறக்காமச் சொல்லணும்."

நான் திரும்பி வந்தபோது அவர் கம்பெனி கேட்டிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. நான் இறங்குவதற்கு முன்பே, "என்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"சவுக்கியமான்னு கேட்டாரு சார். வெங்காயம் ரொம்பப் பொடிசா இருக்காம். உரிக்க முடியலையாம்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இதையும் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை ஏலாக்குறிச்சிக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"மழையே இல்லியேண்ணே இந்த வருஷம். பொடிசாத்தான் இருக்கும். அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?"

சொன்னது அவர்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். தண்ணீர்த் தொட்டி அவருக்குப் பின்னால்தான் நின்றது. சார், அங்கேயிருந்து அந்த சீட்டைத் தள்ளிவிட்டது என் கை, விசில் அடித்தது என் வாய், அதில் ஒரு பங்காவது எங்களுக்குக் கொடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொன்னால் அவர் உடனே என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் வாளியை எடுத்துக்கொண்டு வண்டி கழுவப் போய்விட்டேன்.